குஷனுக்குக் கிடைத்த இடம்

“நிறுத்துங்க, நிறுத்துங்க! இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க!”

வேன்காரம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக் கத்தினாள். விமானத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு பெண், ஒரு கையில் பையும் மறு கையில் சிறுமியுமாக, எந்த வாசல் என்று தெரியாமல் ஒவ்வொரு பலகையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். சிறுமிக்கு ஒரு காலில்தான் ஷூ இருந்தது. வேன்காரம்மா ஓடினாள். பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். சிறுமியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்த மற்ற ஷூவைக் காலாலேயே இழுத்து எடுத்தாள். மூன்று பேரும் மூச்சு வாங்க வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கவுண்டர் பெண்ணின் விரல் கீபோர்டுக்கு மேல் அப்படியே நின்றது. அவள் வேன்காரம்மாவின் கணவரான தையல்காரரைப் பார்த்தாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

தாயும் மகளும் உள்ளே போனார்கள். சிறுமி திரும்பி டாட்டா காட்டினாள். வேன்காரம்மாவும் டாட்டா காட்டினாள். கதவு சாத்தப்பட்டது.

“மாஸ்டர்,” என்றாள் கவுண்டர் பெண், “உங்களுக்குப் போட இருந்த ரெண்டு சீட்டுலதான் அவங்க போறாங்க.”

வேன்காரம்மாவின் கை பாதியில் நின்றது.

“நம்ம சீட்டா?”

“நம்ம சீட்டுதான்,” என்றார் தையல்காரர்.

“அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“எங்க சொல்றது? நீ ஓடின ஓட்டத்துக்கு அந்தப் பிளேனே உன்னைப் பிடிச்சிருக்காது.”

தையல்காரர் அந்த விமானக் கம்பெனியின் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர். விமானத்திலிருந்து கழற்றிய உறைகள் மூட்டை மூட்டையாக அவர் மேசைக்கு வரும். தையலைப் பிரிப்பார், கிழிந்த இடத்தை வெட்டி எடுப்பார், தடித்த ஊசி போட்ட பெரிய மெஷினில் இரட்டைத் தையல் போடுவார். மடிப்புகளுக்குள்ளிருந்து ஹேர்பின், வண்ணப் பென்சில், குழந்தைகளின் காலுறை எல்லாம் வரும். ஒருமுறை ஒரு பால்பல் வந்தது. ஜன்னலோர இருக்கைக்குச் சாய்கிற பக்கம் தேயும், நடைபாதை ஓரத்து இருக்கைக்கு ஏறி இறங்குகிற விளிம்பு தேயும். நடு இருக்கை மட்டும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயும் என்பார். அதில் உட்கார்ந்தவன் நெளிந்துகொண்டேதான் வந்திருப்பான்.

அந்த வேலையோடு ஒரு சலுகையும் உண்டு. விமானத்தில் இடம் மிச்சமிருந்தால் ஊழியரும் குடும்பமும் ஏறிக்கொள்ளலாம். வரி மட்டும் கட்டினால் போதும். பெயர் ஸ்டாண்ட்பை. டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் ஏறி, வராதவர்கள் வரமாட்டார்கள் என்று உறுதியான பிறகு, கவுண்டரில் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாவிட்டால் அடுத்த விமானம். அதிலும் இல்லாவிட்டால் வீடு.

தையல்காரருக்கு இது பழகிப்போன வாழ்க்கை. வேலையே அப்படித்தான் கிடைத்தது. எடுத்திருந்த ஆள் முதல் நாள் வரவில்லை, வாசலில் நின்ற இவரை உள்ளே கூப்பிட்டார்கள். கல்யாணமும் அப்படித்தான். வேன்காரம்மாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கடைசி நேரத்தில் வெளிநாட்டு வேலை என்று போய்விட்டான். பெண்ணின் மாமா தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு இவர் அறைக்கு வந்தபோது இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். “தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?” என்றார் மாமா. இல்லை என்றார் இவர்.

“நான் புக் பண்ணினவன் வரல. அதான் இவருக்குச் சீட் கிடைச்சது,” என்று வேன்காரம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வாள். சொல்லும்போது அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

கல்யாணமான புதிதில் இருவரும் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஸ்டாண்ட்பையில் கிளம்பினார்கள். பகல் முழுக்க விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாயும்போது அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, “அதுக்குள்ள திரும்பிட்டீங்களா, கடல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். அன்றோடு சரி. அதன் பிறகு வேன்காரம்மா போன பயணமெல்லாம் முன்பதிவுதான். மலிவு விலைக் கம்பெனிகள் எப்போது தள்ளுபடி போடும் என்பது அவளுக்குப் பாடம். மாதக்கணக்கில் முன்னால் வாங்குவாள். அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் துணிக்கு அடியில் வைப்பாள். பயணம் வரும்வரை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பயணத்தில் பாதி அதுதான்.

அவர் அவளை ரிசர்வேஷன் என்பார். அவள் அவரை வெயிட்டிங் லிஸ்ட் என்பாள்.

அவள் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். விடிந்ததும் வண்டியைத் துடைத்து, சொன்ன நேரத்துக்கு முன்பே முதல் வீட்டு வாசலில் நிற்பாள். இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். ஆனால் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வண்டியை நகர்த்திய சரித்திரம் இல்லை. ஒருமுறை ஒரு பையன் பெல்ட்டைத் தேடப்போய் வேனே தாமதமாகிவிட்டது. தலைமையாசிரியர் கடிந்துகொண்டார். “ஸ்கூல் எங்கயும் ஓடிப்போயிடாது சார், பிள்ளைதான் அழுவான்,” என்றாள். அந்தப் பழக்கம்தான் இன்று காலை விமான வாசலில் வந்து நின்று கையை ஆட்டியது.

அவர்கள் போகவேண்டியது மகனைப் பார்க்க. மகன் சரக்குக் கப்பலில் சமையற்கட்டில் இருக்கிறான். வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூரத்துத் துறைமுகம் ஒன்றுக்குக் கப்பல் வரப்போகிறது, ஒரே ஒரு பகல் நிற்கும், வந்தால் பார்க்கலாம் என்று முன்பே எழுதியிருந்தான். வேன்காரம்மா அன்றைக்கே இருவருக்கும் டிக்கெட் வாங்கிவிட்டாள். மலிவான டிக்கெட். தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது. முந்தாநாள் மகனிடமிருந்து செய்தி வந்தது. நடுவில் ஒரு துறைமுகத்தில் சரக்கு இல்லை என்று கப்பல் அதை விட்டுவிட்டு நேராக வருகிறது. அடுத்த வாரத்துக் கப்பல் நாளைக் காலையிலேயே வந்துவிடும். நாளைச் சாயங்காலம் போய்விடும்.

“அவ்வளவு பெரிய கப்பல், அதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?” என்றாள் வேன்காரம்மா. பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “ஏங்க, உங்க அந்த வெயிட்டிங் லிஸ்ட்ல எனக்கும் இடம் இருக்குமா?” என்று கேட்டாள்.

விடுமுறைக் காலம். இருக்கைகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. இந்த நாளில் ஸ்டாண்ட்பைக்கு வருகிறவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று மற்ற ஊழியர்கள் யாரும் வரவில்லை. இவர்கள் இருவரும்தான். காலை, மதியம், சாயங்காலம் என்று அந்த ஊருக்கு மூன்று விமானங்கள். நாளைக் காலை விமானத்தில் போனால் மதியம் அங்கே இறங்கி, மணிக்கணக்கில் பஸ்ஸில் போய்த் துறைமுகம் சேர்வதற்குள் கப்பல் கயிற்றை அவிழ்த்துவிடும். இன்று ஏறினால்தான் உண்டு.

காலை விமானம் போன பிறகு தையல்காரர் மனைவிக்கு ஸ்டாண்ட்பையின் விதிகளைச் சொன்னார். கவுண்டர் கண்ணில் படுகிற மாதிரி உட்காரவேண்டும். சட்டை கசங்கக் கூடாது. கவுண்டர் பெண்ணைப் போய்ப் போய்க் கேட்கக் கூடாது.

“அப்புறம் முக்கியமான ஒண்ணு. வராதவங்களைக் கூட்டிட்டு வரக் கூடாது.”

“போதும், சொல்லிக் காட்டாதீங்க.”

“சொல்லிக் காட்டல. இது ரூல்.”

“அந்தப் பாப்பா ஒத்தை ஷூவோட நின்னுச்சுங்க.”

“நம்ம பையனும்தான் ரெண்டு ஷூவும் போட்டுட்டு நாளைக்கு நிப்பான்.”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவருக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது. மடியிலிருந்த குஷனைத் தட்டிச் சரிசெய்தார்.

குஷன் மகனுக்காகத் தைத்தது. சமையற்கட்டில் காய் நறுக்க உட்காரும் நாற்காலி கல் மாதிரி இருக்கிறது என்று அவன் எழுதியிருந்தான். பணிமனையில் வெட்டி மிஞ்சிய நீலத் துணி, கீழே கெட்டி ஸ்பாஞ்ச், மேலே மெத்து ஸ்பாஞ்ச், ஓரத்தில் இரட்டைத் தையல். பையில் அடங்கவில்லை. அதனால் மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மதிய விமானத்துக்கு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். “ஒரு சீட் மட்டும் கிடைச்சா நீ போ,” என்று முன்பே பேசிவைத்திருந்தார். அவள் மறுத்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தாடிக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். எங்கிருந்தோ வந்து விமானம் மாறுகிறவர் போல. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தலை ஒவ்வொரு முறையும் தையல்காரர் தோளில் விழுந்து, திடுக்கிட்டு எழுந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி விழுந்தது. தையல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குஷனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். தாடிக்காரர் அதில் முகத்தைப் புதைத்தார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். குறட்டை வந்தது. மெத்து ஸ்பாஞ்ச் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று தையல்காரர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

வரிசை தீர்ந்தது. கவுண்டர் பெண் ஒலிபெருக்கியில் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். கொஞ்சம் விட்டு மறுபடி கூப்பிட்டாள். பிறகு தையல்காரரைப் பார்த்து, ஒரு விரலைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். ஒரே ஒருவர் வரவில்லை. அவரும் வராவிட்டால் உங்களுக்கு ஒன்று.

தையல்காரர் எழுந்து நின்று மனைவியைத் தேடினார். டீக்கடை வரிசையில் அவள் தலை தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தவர், குனிந்து பையை எடுக்கும்போது தாடிக்காரரின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார். அதே விமானம். ஒலிபெருக்கி சொன்ன அதே பெயர்.

தாடிக்காரர் குஷனுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

தையல்காரர் மறுபடி உட்கார்ந்தார். அந்த ஆளை யாரும் வேண்டுமென்று பிடித்து வைக்கவில்லை. களைப்பில் தூங்குகிறான். தூங்குகிறவனை எழுப்புவது அவ்வளவு நல்ல பழக்கம் இல்லை. அடுத்த விமானத்தில் போனால் அவனுக்கு என்ன குடிமுழுகிப் போய்விடப் போகிறது? டிக்கெட் வாங்கியவன், எப்படியும் போய்விடுவான். அவளுக்கு அப்படி இல்லை. நாளை ஒரு பகல்தான். இப்படியெல்லாம் வரிசையாக, நியாயமாக யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குஷன் தன்னுடையது என்பது மட்டும் எந்த யோசனையிலும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கவுண்டர் பெண் கடைசி முறையாகப் பெயரைக் கூப்பிட்டாள்.

தையல்காரர் தாடிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஐயா! எழுந்திருங்க! உங்களைத்தான் கூப்பிடுறாங்க!”

தாடிக்காரர் துள்ளி எழுந்தார். எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாத முழிப்பு. தையல்காரர் அவரை வாசல் பக்கம் திருப்பி முதுகில் கை வைத்துத் தள்ளினார். அவர் ஓடினார். அட்டையைக் காட்டினார். உள்ளே போனார். கதவு சாத்தப்பட்ட பிறகுதான் தையல்காரருக்கு மடி காலியாக இருப்பது உறைத்தது. தாடிக்காரர் குஷனைக் கட்டிப்பிடித்தபடியே போய்விட்டார்.

வேன்காரம்மா இரண்டு கையிலும் டீயோடு வந்து நின்றாள்.

“என்னாச்சு? யாராவது வந்தாங்களா?”

“ஒரே ஒருத்தர் வரல. இங்கதான் தூங்கிட்டிருந்தார்.”

“அப்புறம்?”

“எழுப்பி விட்டேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள்.

“குஷன் எங்க?”

“அதுக்குச் சீட் கிடைச்சிடுச்சு.”

வேன்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு டீ தளும்பிக் கையில் கொட்ட, அதையும் பொருட்படுத்தாமல் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “காலையில என்னை என்ன பேச்சுப் பேசினீங்க! ரூலாம் ரூல்! நீங்க முப்பது வருஷமா காத்துக் கிடந்து வாங்குற சீட், உங்க குஷனுக்கு ஒரே நாள்ல வந்துடுச்சே!” கவுண்டர் பெண் என்னவென்று கேட்டு, தெரிந்துகொண்டு, அவளும் சிரித்தாள். தையல்காரர் வீராப்பாக டீயைக் குடித்தார். இரண்டாவது வாயில் அவருக்கும் புரையேறியது.

அதன் பிறகு இருவரும் விதிகளைப் பற்றிப் பேசவில்லை. அவள் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். குஷன் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்கால விமானத்துக்கு நேரம் நெருங்கியும் கூடம் நிரம்பவில்லை. தையல்காரர் முதலில் அதை நம்பவில்லை. நம்பி ஏமாறுவதைவிட நம்பாமல் இருப்பது ஸ்டாண்ட்பைக்காரனுக்கு நல்லது. கவுண்டர் பெண் போனில் பேசினாள், திரையைப் பார்த்தாள், மறுபடி பேசினாள். பிறகு ஒலிபெருக்கி இல்லாமலேயே கூப்பிட்டாள்.

“மாஸ்டர்! ரெண்டு பேரும் வாங்க. வேற ஒரு ஊர்ல பயங்கர மழை. அங்க இருந்து வந்து இதுல மாறவேண்டிய கூட்டம் கிளம்பவே இல்ல. பாதி பிளேன் காலி.”

தையல்காரர் பையைத் தூக்கினார். வேன்காரம்மா நகரவில்லை.

“அப்ப அவ்வளவு பேரும் வரணுமே,” என்றாள். “கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போகக் கூடாதா?”

“அடியேய்!” என்றார் தையல்காரர்.

“இல்லைங்க, மழை விட்டு ஓடி வந்து பாத்தா பிளேன் இல்லேன்னா…”

“அம்மா, அவங்க அந்த ஊர்லயே இருக்காங்க,” என்றாள் கவுண்டர் பெண். “ரூம் குடுத்தாச்சு. நாளைக்கு அவங்களுக்குத் தனி பிளேன் விடுறாங்க. யாரும் ஓடி வரல. நீங்க போங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அப்போதும் அவள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். வேனில் கடைசிப் பிள்ளை ஏறிய பிறகு தெருவைப் பார்ப்பாளே, அப்படி. யாரும் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தாள்.

எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்று பணிப்பெண் சொல்லிவிட்டாள். வேன்காரம்மா முதலில் இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்தாள். பிறகு வலதுபக்கம். பிறகு, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று மறுபடி இடதுபக்கம். தையல்காரர் ஒரு வரிசை விடாமல் தலைசாய்க்கும் இடங்களைத் தடவிக்கொண்டே வந்தார். நீலத் துணி. ஒரு இருக்கையில் குனிந்து, ஓரத்தை விரலால் பிதுக்கிப் பார்த்தார்.

“என்ன தேடுறீங்க?”

“இது நான் தைச்சது.”

“எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கு?”

“என் இரட்டைத் தையல் மூலையில திரும்பும்போது ஒரு தையல் கூட வரும். பிரியாது.”

அவள் இரண்டு வரிசை முன்னாலிருந்து எழுந்து வந்து அதில் உட்கார்ந்து பார்த்தாள். முன்னும் பின்னும் அசைந்தாள். பெல்ட்டைப் போட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “நீங்க பக்கத்துல உக்காருங்க. நடு சீட்ல. யாரும் வரமாட்டாங்க.”

அவர் நடு இருக்கையில் உட்கார்ந்தார். விமானம் ஓடத் தொடங்கியதும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகப் பதிவு செய்து போன பயணங்களில் அவர் கூட வந்ததில்லை. அவர் ஸ்டாண்ட்பையில் போன பயணங்களில் அவள் வந்ததில்லை. இருவரும் சேர்ந்து பறப்பது இதுதான் முதல் தடவை என்பது மேகத்துக்கு மேலே போன பிறகுதான் இருவருக்கும் தோன்றியது. அவள் ஜன்னலைக் காட்டி, “அங்க பாருங்க,” என்றாள். அவர் பார்த்தார்.

மறுநாள் விடியும்போதே இருவரும் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனார்கள். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகன் வந்தான். இளைத்திருந்தான். மீசை வைத்திருந்தான், அது அவனுக்குப் பொருந்தவில்லை என்று வேன்காரம்மா சொன்னாள். மதியம் பக்கத்துக் கடையில் சாப்பிட்டார்கள். அவன் கப்பலில் தான் சமைப்பதைப் பற்றியும், சமைத்ததைத் தின்கிறவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தான். தையல்காரர் குஷன் கதையைச் சொன்னார். விமான நிலையத்தில் விசாரித்தும் அது கிடைக்கவில்லை. “பரவாயில்லப்பா, அந்த நாற்காலி போன மாசமே உடைஞ்சு போச்சு. இப்ப நின்னுக்கிட்டேதான் நறுக்குறேன்,” என்றான் மகன்.

அடுத்த வாரத்து டிக்கெட்டுகள் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். வேன்காரம்மா கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பார்த்தாள்.

“நாங்க போகமாட்டோம். ரெண்டு சீட் காலியா இருக்கும்,” என்றாள். “அன்னிக்குக் கவுண்டர்கிட்ட யாராவது ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க. ஏறிப் போகட்டும்.”

மகன் சாயங்காலம் உள்ளே போனான். கப்பல் கிளம்பியது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. இருவரும் பஸ் பிடித்து விமான நிலையத்துக்கு வந்து, ஊர் திரும்பும் விமானத்துக்குக் கவுண்டரில் பெயர் கொடுத்துவிட்டு, கவுண்டர் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தார்கள்.